லார்ட் டென்னிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒப்பந்தச் சட்டம் படிக்க ஆரம்பித்த முதல் மாதத்திலேயே காதில் விழும் பெயர் இது. பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை வருவார். சிலர் அவரைக் கடவுளாகவே ஆக்கிவிடுவார்கள், சிலர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்டு. மாணவர்களும் சட்டம் படிக்காத நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரே மூச்சில் சொல்லுங்கள், யார் இந்த டென்னிங்?

ஆல்ஃபிரட் தாம்ப்சன் டென்னிங். வீட்டில் டாம். 1899 ஜனவரி 23 அன்று பிறந்தார், 1999 மார்ச் 5 அன்று இறந்தார். அதாவது முழுதாக நூறு வயது வாழ்ந்தவர். 1944 முதல் 1982 வரை 38 வருடம் இங்கிலாந்தில் நீதிபதி. அதில் கடைசி 20 வருடம் 'மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ்' என்ற பதவி. பெயரைப் பார்த்தால் பழைய ஆவணச் சுருள்களைக் காக்கிறவர் போலத் தெரியும், ஒரு காலத்தில் வேலையும் அதுதான். இவர் காலத்துக்கு முன்பே அது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் சிவில் பக்கத்துக்குத் தலைவர் என்று ஆகிவிட்டது.

பெரிய குடும்பத்துப் பிள்ளையா?

இல்லை. ஹாம்ப்ஷயரில் விட்சர்ச் என்ற சிற்றூரில் அப்பாவுக்குத் துணிக்கடை. அம்மா கல்யாணத்துக்கு முன் பள்ளி ஆசிரியை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிழைக்குமா என்றே சந்தேகமாக இருந்ததாம். ஐந்து அண்ணன் தம்பிகளில் இரண்டு பேரை முதல் உலகப் போர்க் காலம் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தவர்களில் ஒருவர் தரைப்படையில் லெஃப்டினன்ட் ஜெனரல், இன்னொருவர் கடற்படையில் வைஸ் அட்மிரல். ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்கு இது கொஞ்சநஞ்சமில்லை.

இவரும் போருக்குப் போனார். 1918-ல் பிரான்ஸில் ராணுவப் பொறியாளர் பிரிவில் பாலம் கட்டும் வேலை.

ஒன்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயரத்துக்குப் போன பிறகும் அவர் பேச்சில் ஹாம்ப்ஷயர் கிராமத்து வாடை போகவில்லை. கடைசியில் குடியேறியதும் அடக்கமானதும் அதே விட்சர்ச்சில்தான். அவருடைய தீர்ப்புகளைப் படிக்கும்போது இந்த ஊரை மறக்கக்கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கணக்கு வாத்தியாராக இருந்தார் என்பது உண்மையா?

உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டில் மாக்டலன் கல்லூரியில் கணிதத்தில் முதல் வகுப்பு. பிறகு வின்செஸ்டர் கல்லூரி என்ற பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அந்த ஊரில் அப்போது நீதிபதிகள் சுற்றில் வந்து வழக்கு விசாரிப்பார்கள். அதைப் போய் உட்கார்ந்து பார்த்தவருக்குக் கணக்கு விட்டுப்போனது. திரும்ப ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ச் சட்டம் படித்து அதிலும் முதல் வகுப்பு வாங்கினார். 1923-ல் லிங்கன்ஸ் இன் என்ற வழக்கறிஞர் சங்கம் வழியாக பாரிஸ்டர். 1938-ல் கிங்ஸ் கவுன்சல், அதாவது மூத்த வழக்கறிஞர்.

வக்கீலாக இருந்தபோதும் ஏழைகளுக்காகத்தான் வாதாடினாரா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பதில் எதிர்பாராதது.

1934-ல் லெஸ்ட்ரேஞ்ச் எதிர் கிராகோப் என்று ஒரு வழக்கு. வேல்ஸில் லாண்டட்னோ என்ற கடற்கரை ஊரில் சிறிய காப்பிக்கடை நடத்திய ஒரு பெண், காசு போட்டால் சிகரெட் வரும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். இயந்திரம் சரியாக வேலை செய்யவில்லை. வழக்குப் போட்டார். ஆனால் அவர் கையெழுத்திட்ட ஆர்டர் தாளில், பழுப்பு நிறக் காகிதத்தில், கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில், கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. கையெழுத்துப் போட்டாயிற்று, படித்தாயோ இல்லையோ நீ கட்டுப்பட்டவள்தான் என்று கம்பெனிக்காக வாதாடி ஜெயித்த இளம் வக்கீல் வேறு யாருமில்லை, நம் டென்னிங்.

வக்கீல் கட்சிக்காரருக்காகப் பேசுவது தொழில், அதில் தப்பில்லை. ஆனால் நீதிபதியான பிறகு அந்தப் பொடி எழுத்தை ஒழிப்பதற்கே அவர் பாதி ஆயுளைச் செலவிட்டார். அந்தக் கதைக்குக் கடைசியில் திரும்ப வருவோம்.

நீதிபதியாக எப்படி மேலே போனார்?

1944 உயர் நீதிமன்றம். முதலில் போட்டது விவாகரத்துப் பிரிவில், அவருக்குப் பழக்கமே இல்லாத துறை. மறு வருடமே பொதுவான வழக்குகளைப் பார்க்கும் கிங்ஸ் பெஞ்ச் பிரிவுக்கு மாற்றினார்கள். 1948-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம். 1957-ல் பிரபுக்கள் சபை. 2009-ல் தனி உச்ச நீதிமன்றம் வரும்வரை பிரிட்டனின் கடைசி நீதிமன்றம் அந்தச் சபையில் இருந்த சட்டப் பிரபுக்கள்தான்.

அப்படியானால் உச்சியில் இருந்து 1962-ல் ஏன் ஒரு படி கீழே இறங்கினார்?

படிக்கட்டில் ஒரு படி கீழேதான், ஆனால் அதிகாரத்தில் மேலே. பிரபுக்கள் சபையில் ஐந்து பேர் உட்காருவார்கள், வழக்குகளும் குறைவு. மற்ற நாலு பேர் சம்மதிக்காவிட்டால் நம் கருத்து வெறும் மாறுபட்ட தீர்ப்பாக அச்சில் ஏறும், அவ்வளவுதான். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று பேர், இன்னொருவர் சேர்ந்தால் போதும். எந்த வழக்கு யார் முன் வருகிறது என்பதிலும் தலைவருக்குக் கை உண்டு. பெரும்பாலான வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும், மேலே போகப் பணம் வேண்டுமே! சட்டத்தை மாற்ற நினைக்கிறவருக்குச் சரியான நாற்காலி அதுதான், அதை விட்டுக்கொடுக்க அவருக்கு 20 வருடம் மனமே வரவில்லை.

ஹை ட்ரீஸ் வழக்கு என்கிறார்களே, அதில் என்ன அப்படி விசேஷம்?

லண்டன் கிளாப்பம் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். 1937-ல் ஒரு கம்பெனி அதை வருடம் 2,500 பவுண்டுக்கு மொத்தமாகக் குத்தகை எடுத்து, வீடு வீடாக உள்வாடகைக்கு விட்டது. போர் வந்தது, குண்டு விழும் ஊரில் யார் குடியிருப்பார்கள்? வீடுகள் காலி. 1940-ல் சொந்தக்காரர், சரி, பாதி வாடகை கொடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். 1945-ல் கட்டடம் மறுபடி நிரம்பிவிட்டது. இனி முழு வாடகை வேண்டும் என்று வழக்கு.

டென்னிங் சொன்னது இரண்டு விஷயம். போர் முடிந்து வீடுகள் நிரம்பிய பிறகு முழு வாடகை கேட்கலாம். இதில் யாருக்கும் சண்டை இல்லை. இரண்டாவதுதான் வெடிகுண்டு: போர்க் காலத்தில் விட்டுக்கொடுத்த பாதியைத் திரும்பக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. ஏன்? ஒருவர் நம்பி நடக்கட்டும் என்று வாக்குக் கொடுத்து, எதிராளியும் அதை நம்பி நடந்துவிட்டால், பிறகு 'நீ எனக்குப் பதிலுக்கு எதுவும் தரவில்லையே' என்று வாக்கிலிருந்து நழுவ முடியாது.

ஆங்கிலச் சட்டத்தில் அதுவரை மறுபயன் இல்லாத வாக்குறுதிக்கு மதிப்பில்லை. நூற்றாண்டுகளாக வந்த விதி. அதை நீதிபதியாகி இரண்டே வருடம் ஆன ஒருவர், வழக்கை முடிக்கத் தேவையே இல்லாத ஒரு பத்தியில் அசைத்துவிட்டார். வகுப்பில் நாம் 'ப்ராமிசரி எஸ்டாப்பல்' என்று மனப்பாடம் செய்கிறோமே, அதன் இன்றைய வடிவம் அந்தப் பத்தியிலிருந்து வந்தது. தேவையில்லாமல் சொன்னதுதான் நின்றது என்பது சட்டத்தில் மட்டும் நடக்கிற வேடிக்கை.

அந்தக் கதவை எவ்வளவு தூரம் திறப்பது என்பதில் அவரே எச்சரிக்கையாகவும் இருந்தார். 1951-ல் கோம்ப் எதிர் கோம்ப் வழக்கில், இந்தக் கோட்பாடு தற்காப்புக் கேடயம்தான், இதை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக வழக்குத் தொடுக்க முடியாது என்று சொன்னவரும் அவரே.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிப் பின்னால் ஜெயித்தது உண்டா?

உண்டு. கேண்ட்லர் எதிர் கிரேன் கிறிஸ்மஸ், 1951. கணக்குத் தணிக்கையாளர்கள் அசிரத்தையாகத் தயாரித்த கணக்கை நம்பி ஒருவர் கம்பெனியில் பணம் போட்டு இழந்தார். ஒப்பந்தம் இல்லை, ஆகவே பொறுப்பு இல்லை என்றது பெரும்பான்மை. நம்பி நடப்பார் என்று தெரிந்தே சொன்ன சொல்லுக்கு நீ பொறுப்பு என்றார் டென்னிங், தனியாளாக. சட்டத்தில் எப்போதும் பயந்த சுபாவக்காரர்களும் துணிந்தவர்களும் இருப்பார்கள், துணிந்தவர்களால்தான் சட்டம் நகர்ந்தது என்று அதில் எழுதினார். உடன் உட்கார்ந்திருந்த இருவரும் அதை எந்த முகத்தோடு கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். 1963-ல் ஹெட்லி பைர்ன் வழக்கில் பிரபுக்கள் சபை அவர் பக்கம் வந்தது.

பிரபுக்கள் சபையோடு அவருக்கு என்ன தகராறு?

ஒன்றா இரண்டா! சட்டத்தில் ஓட்டை இருந்தால் நீதிபதியே அடைக்கலாம் என்றார். அது சட்டமன்றத்தின் வேலையை அப்பட்டமாக அபகரிப்பது என்று அந்தச் சபையின் லார்ட் சைமண்ட்ஸ் பதிலடி கொடுத்தார். கணவன் கைவிட்ட மனைவிக்கு வீட்டில் தங்கும் உரிமை உண்டு என்று 1950-களில் ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். 1965-ல் ஐன்ஸ்வர்த் வழக்கில் பிரபுக்கள் அதை உடைத்தார்கள். இரண்டே வருடத்தில் நாடாளுமன்றம் சட்டமே போட்டு அந்த மனைவிகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் சொந்த முன்தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட்டது என்பது 1944 முதல் விதி. டென்னிங்குக்கு அது முள். 1970-களின் கடைசியில், கூட வாழ்ந்தவனிடம் அடிபட்ட ஒரு பெண்ணின் வழக்கில் அந்த விதியைத் தாண்டினார். முடிவு சரி, ஆனால் விதியைத் தாண்டியது தவறு என்று பிரபுக்கள் காதைத் திருகினார்கள்.

அவர் தீர்ப்பு எழுதும் நடையைப் பற்றி ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

ஏனென்றால் அது கதை. மற்ற நீதிபதிகள் 'இது இன்ன நீதிபதியின் உத்தரவுக்கு எதிரான மேல்முறையீடு' என்று தொடங்குவார்கள். இவர் ஹின்ஸ் எதிர் பெர்ரி வழக்கை எப்படித் தொடங்கினார் தெரியுமா? அது நடந்தது 1964 ஏப்ரல் 19 அன்று, கென்ட் மாவட்டத்தில் புளூபெல் பூக்கும் காலம் என்று. கணவன், மனைவி, நிறையக் குழந்தைகள், சுற்றுலா போய்த் திரும்பும் வழியில் சாலையோரம் வண்டியை நிறுத்துகிறார்கள். கணவன் தேநீர் போடுகிறான். மனைவி ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு சாலையைத் தாண்டிப் பூப்பறிக்கப் போகிறாள். டயர் வெடித்த ஒரு ஜாகுவார் கார் கட்டுப்பாடிழந்து வந்து மோதுகிறது. திரும்பிப் பார்க்கிறாள். இத்தனையும் சின்னச் சின்ன வாக்கியம். கண்ணால் கண்ட அதிர்ச்சிக்கு நஷ்டஈடு 4,000 பவுண்டு சரிதானா என்பதுதான் சட்டக் கேள்வி. முதல் பத்தியைப் படித்த யாருக்கும் அது அதிகம் என்று தோன்றாது.

1977-ல் மில்லர் எதிர் ஜாக்சன். டர்ஹாம் பக்கம் லின்ட்ஸ் என்ற கிராமத்துக் கிரிக்கெட் மைதானம், 70 வருடமாக ஆடுகிறார்கள். பக்கத்து நிலத்தில் புதிதாக வீடு கட்டினார்கள், சிக்ஸர் அடித்த பந்து வீட்டுக்குள் வந்து விழுகிறது. வீட்டுக்காரர் தடையுத்தரவு கேட்கிறார். டென்னிங் தொடக்கமே, கோடையில் கிராமத்துக் கிரிக்கெட் எல்லோருக்கும் ஆனந்தம் என்று. அந்த நிலத்தில் முன்பு மேய்ந்த மாடுகள் கிரிக்கெட்டைப் பொருட்படுத்தவில்லை என்று ஒரு வரி வேறு! தடையுத்தரவு போனது, 400 பவுண்டு நஷ்டஈட்டோடு முடிந்தது.

படிக்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் தோட்டத்தில் பிள்ளைகளை விளையாட விட முடியாத அந்த வீட்டுக்காரரின் இடத்திலிருந்து இதே கதையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வேறு மாதிரி இருக்கும். கதைசொல்லி யார் தோளில் கை போட்டிருக்கிறார் என்பது முதல் வரியிலேயே முடிவாகிவிடுகிறது. நான் மாணவர்களிடம் சொல்வது: டென்னிங்கின் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு, ஜெயிப்பது யார் என்று ஊகியுங்கள். அநேகமாகத் தப்பாது.

பார்க்கிங் டிக்கெட் வழக்கு அவருடையதுதானா?

ஆமாம், தார்ன்டன் எதிர் ஷூ லேன் பார்க்கிங், 1971. தானியங்கி இயந்திரம் டிக்கெட்டைத் துப்புகிறது, அதன் மூலையில் பொடி எழுத்தில் 'நிபந்தனைகள் உள்ளே ஒட்டியிருக்கின்றன' என்று இருக்கிறது. இயந்திரத்திடம் வாதாடலாம், திட்டக்கூடச் செய்யலாம், அது அசையாது என்றார். காசு போட்டதும் ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது, அப்புறம் வரும் நிபந்தனை செல்லாது. இன்றைக்குச் செயலிகளில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வரும்.

ப்ரொஃப்யூமோ விவகாரத்தில் அவருக்கு என்ன வேலை?

1963-ல் போர்த்துறை அமைச்சர் ஜான் ப்ரொஃப்யூமோ, ஓர் இளம்பெண்ணுடனான தொடர்பைப் பற்றி நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு விலகினார். விசாரிக்கச் சொன்னது டென்னிங்கை. செப்டம்பரில் அறிக்கை வெளியான இரவு ஜனங்கள் அரசு புத்தகக் கடை வாசலில் வரிசையில் நின்று வாங்கினார்கள், லட்சத்துக்கு மேல் விற்றது. அரசு அறிக்கை ஒன்று இப்படி விற்றது அதற்கு முன்பும் பின்பும் அபூர்வம். அரசைக் கடுமையாகக் கடிந்ததாகச் சொல்ல முடியாது. பெண்களைப் பற்றி எழுதிய தொனியை இன்று படித்தால் நெளிய வேண்டியிருக்கிறது.

வியாபார உலகத்துக்கு ஏதாவது செய்தாரா?

மாரேவா உத்தரவு, 1975. கடன்பட்டவர் சொத்தை வெளிநாட்டுக்குக் கடத்துவதற்குள் முடக்கிவைக்கும் உத்தரவு. அதே வருடக் கடைசியில் ஆன்டன் பில்லர் உத்தரவு, ஆதாரத்தை அழிப்பதற்குள் போய்ப் பார்த்துக் கைப்பற்ற. இரண்டும் உலகம் முழுக்கப் பரவின.

பர்மிங்ஹாம் ஆறு பேர் வழக்கில் அப்படி என்ன சொன்னார்?

அவர் ரசிகர்கள் தாண்டிப்போக விரும்பும் இடம் இது. கொஞ்சம் நின்றே பார்ப்போம்.

1974 நவம்பர் 21 அன்று பர்மிங்ஹாமில் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஆறு அயர்லாந்துக்காரர்களுக்கு ஆயுள் தண்டனை. போலீஸ் அடித்துத்தான் வாக்குமூலம் வாங்கினார்கள் என்று அவர்கள் சொன்னதைக் குற்ற விசாரணையில் நம்பவில்லை. அதனால் அடித்ததற்கு நஷ்டஈடு கேட்டுப் போலீஸ் மீது சிவில் வழக்குப் போட்டார்கள். 1980 ஜனவரியில் அது டென்னிங் முன் வந்தது.

அவர் வாதம் இது. இந்த ஆறு பேர் ஜெயித்தால் என்ன அர்த்தம்? போலீஸ் பொய்ச்சாட்சி சொன்னார்கள், அடித்தார்கள், மிரட்டினார்கள், வாக்குமூலம் தானாக வந்ததல்ல, தண்டனையே தவறு என்று ஆகும். அது நினைக்கவே பயங்கரமான காட்சி. ஆகவே நாட்டில் புத்தியுள்ள யாரும், இந்த வழக்கு மேலே போகக்கூடாது என்றுதான் சொல்வார்கள். வழக்கைத் தள்ளினார்.

ஒருமுறைக்கு இரண்டுமுறை படியுங்கள். இது நடந்திருக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை. நடந்திருந்தால் அதன் விளைவு தாங்க முடியாதது, அதனால் பார்க்க வேண்டாம் என்கிறார். 1991 மார்ச் 14 அன்று தண்டனைகள் ரத்தாகி ஆறு பேரும் வெளியே வந்தார்கள், 16 வருடம் உள்ளே கழித்துவிட்டு. அந்தப் பயங்கரமான காட்சி அப்படியே உண்மை.

ஓய்வுக்குப் பிறகு கொடுத்த பேட்டியில், இவர்களைத் தூக்கில் போட்டிருந்தால் விடுவிக்கச் சொல்லி இத்தனை பிரச்சாரம் இருந்திருக்காது என்றும் பேசினார். வயதானவர் வாய் என்று சிலர் சமாளிப்பார்கள். 1980 தீர்ப்பு எழுதியபோது பேசியது பதவியில் இருந்த நீதிபதி, அதையும் வயது என்று தள்ள முடியாது.

சாமானியர்களின் நீதிபதி என்று பேர் வாங்கியவரா இப்படி?

இதுதான் நான் முன்னால் சொன்ன விட்சர்ச். இந்த வழக்கில் நியாயம் எது என்று கேட்டு, அதற்குச் சட்டத்தை வளைத்தோ நிமிர்த்தியோ போவது அவர் வழி. பதிலை எங்கிருந்து எடுத்தார்? அவர் வளர்ந்த ஊரின் நல்ல மனிதர் ஒருவர் என்ன நினைப்பார் என்பதிலிருந்து. எதிரே கம்பெனியும் வங்கியும் கைவிட்ட கணவனும் இருந்தால் அந்த நல்ல மனிதரின் பதில் அருமையாக இருக்கும். போலீஸ் பொய் சொல்லும் என்று அவருக்குத் தோன்றாது, அவர் ஊரில் போலீஸ் அப்படியில்லை. அந்த ஊரில் பார்த்திராத ஆள் கூண்டில் நின்றால் அவருக்குக் கண் தெரியாது.

அவர் இனவெறி பிடித்தவரா?

பட்டம் கட்டுவதைவிட நடந்ததைச் சொல்கிறேன்.

1982-ல், தலைப்பாகையோடு வந்த சீக்கியச் சிறுவனைப் பர்மிங்ஹாமில் ஒரு தனியார் பள்ளி சேர்க்க மறுத்த வழக்கு. சீக்கியர்கள் மதத்தினர், இனக்குழு அல்ல, ஆகவே இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் பொருந்தாது என்றார் டென்னிங். மறு வருடம் பிரபுக்கள் சபை அதைப் புரட்டிப்போட்டது. பொது வரலாறும் மரபும் கொண்ட சமூகம் சட்டத்தின் கண்ணில் இனக்குழுதான் என்ற அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

அதே 1982-ல் அவர் எழுதிய ஒரு புத்தகம் வந்தது. பிரிஸ்டல் கலவரம் தொடர்பான வழக்கில் ஜூரியில் இருந்த கறுப்பினத்தவரைப் பற்றி, எல்லாக் குடிமக்களும் ஜூரியாக இருக்கத் தகுதியானவர்கள் அல்ல என்கிற மாதிரி எழுதியிருந்தார். அந்த ஜூரியில் இருந்தவர்களே வழக்குப் போடுவோம் என்றார்கள். புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள், அவர் மன்னிப்புக் கேட்டார், பதவி விலகப்போவதாகவும் அறிவித்தார்.

சரி, மறுபக்கமும் இருக்கட்டும். 1950-களில் கென்யா சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், ஆங்கிலச் சட்டம் ஓக் மரம் மாதிரி, அதை அப்படியே ஆப்பிரிக்க மண்ணில் நட்டால் இங்கிலாந்தில் வளர்கிற மாதிரி வளராது, அங்குள்ளவர்கள் கவனமாகப் பேண வேண்டும் என்று எழுதியவரும் இவர்தான். தூரத்து மண்ணைப் பற்றி யோசிக்க முடிந்தது. அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் பக்கத்துத் தெருவில் குடியேறியபோதுதான் சிக்கல்.

பெண்கள் விஷயத்தில்?

கைவிடப்பட்ட மனைவி, அடிபட்ட பெண், வீடு கட்டக் கூடமாட உழைத்தும் பத்திரத்தில் பேர் இல்லாதவள்: இவர்களுக்கு அவரைப் போலப் பாடுபட்ட நீதிபதி அந்தத் தலைமுறையில் குறைவு. 1971-ல், விடுதி அறையில் ஆணைத் தங்கவைத்ததற்காக ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி நீக்கிய மாணவியின் வழக்கும் வந்தது. கல்லூரி நடைமுறை சரியில்லை என்று தெரிந்தும் மாணவி தோற்றாள். இப்படிப்பட்டவள் ஆசிரியையாகவே முடியாது என்றார். பாதுகாக்கப்பட வேண்டிய பெண் அவர் கண்ணுக்குத் தெரிந்தாள், தன் இஷ்டப்படி இருக்க நினைத்தவள் தெரியவில்லை.

83 வயதுவரை எப்படி நீதிபதியாக நீடித்தார்? ஓய்வு வயது இல்லையா?

75 வயது வரம்பு 1959 சட்டத்தில்தான் வந்தது, அதற்கு முன் நியமனமானவர்களைக் கட்டாது. தன்னிடம் எல்லாக் கிறிஸ்தவ நற்குணங்களும் உண்டு, 'ரெசிக்னேஷன்' மட்டும் கிடையாது என்று அவர் கேலியாகச் சொல்வாராம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு விதியை அமைதியாக ஏற்பது என்றும் பொருள், ராஜினாமா என்றும் பொருள். தமிழில் இந்தச் சிலேடை வராது, என்ன செய்வது.

இந்திய நீதிமன்றங்கள் அவரை மேற்கோள் காட்டுவது உண்மையா?

தாராளமாக. சட்டத்தின் துணியை நீதிபதி மாற்றக்கூடாது, ஆனால் சுருக்கத்தை இஸ்திரி போட்டு நேராக்கலாம், நேராக்கவும் வேண்டும் என்று 1949-ல் அவர் சொன்ன உவமை நம் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வரும். ஹை ட்ரீஸ் இன்னும் பெரிய விஷயம். மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில், வனஸ்பதி தொழிற்சாலை தொடங்கினால் விற்பனை வரி விலக்கு என்று வாக்களித்த உத்தரப் பிரதேச அரசு பின்வாங்கியபோது, நம் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி ஹை ட்ரீஸிலிருந்து தொடங்கி அலசி, அரசையும் வாக்கு கட்டும் என்றார். டென்னிங் கேடயம் என்று நிறுத்திய இடத்தைத் தாண்டி, இதை வைத்து வழக்கே தொடுக்கலாம் என்றும் போனார்.

சிகரெட் இயந்திரக் கதைக்குத் திரும்புவதாகச் சொன்னீர்களே?

1982-ல் ஓய்வு பெறும் தறுவாயில் சொன்ன கடைசித் தீர்ப்புகளில் ஒன்று, ஜார்ஜ் மிட்சல் எதிர் ஃபின்னி லாக் சீட்ஸ். ஸ்காட்லாந்து விவசாயி முட்டைக்கோஸ் விதை வாங்கினார், விலை சுமார் 200 பவுண்டு. அறுபது ஏக்கருக்கு மேல் நட்டார். முளைத்தது, இலை விட்டது, ஆனால் முட்டைக்கோஸ் ஆகவே இல்லை. நஷ்டம் 61,000 பவுண்டுக்கு மேல். விதை கம்பெனி ரசீதின் பின்னால் காட்டியது: விதை விலையைத் திருப்பித் தருவோம், அதற்கு மேல் பொறுப்பில்லை.

டென்னிங் உட்கார்ந்து தன் தொழில் வாழ்க்கையையே சொல்ல ஆரம்பித்தார். நான் வக்கீலானபோது இந்தப் பொறுப்புவிலக்கு நிபந்தனைகளோடு பட்ட பாடு இப்போது உங்களில் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்று. ஒப்பந்த சுதந்திரம் என்ற விக்கிரகத்தைப் பெரியவர்கள் கும்பிட்டார்கள், சுதந்திரம் எல்லாம் பொடி எழுத்தை அச்சடித்தவனிடம்தான் இருந்தது, டிக்கெட்டை வாங்கிய சின்ன ஆளுக்கு அல்ல என்று சொல்லி, விவசாயிக்கு முழு நஷ்டஈடு கொடுத்தார். அதற்குள் நாடாளுமன்றமே நியாயமற்ற நிபந்தனைகளுக்கு எதிராகச் சட்டம் போட்டிருந்தது, ஆகவே வளைக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிரபுக்கள் சபை 1983-ல் அதே முடிவை உறுதிசெய்தது. வாழ்நாள் முழுக்க அவரைக் கடிந்துகொண்ட சபை.

தேர்வில் டென்னிங் சொன்னதைச் சட்டம் என்று எழுதலாமா?

எழுதும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது பெரும்பான்மையா, மாறுபட்டதா? மேலே போனதா, போயிருந்தால் நின்றதா? அவர் வரிகள் அவ்வளவு நன்றாக இருக்கும், அதனால் தோற்றுப்போன தீர்ப்பையும் ஜெயித்தது போல எழுதிவைத்து மதிப்பெண் இழந்த விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன்.